பட்டியலில் இல்லாத இலாசர்கள்

ஆவணம் இல்லையேல் வரலாறு இல்லை என்று கூறுவோர் உளர். கற்றோர் அவைகளில் இது மறுக்கவொண்ணா விதிபோல் எடுத்துரைக்கப்படுகிறது. சான்று கேட்பது அறிவின் கடமை; அதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் ஓர் ஆவணம் யாரால் எழுதப்பட்டது, எதற்காக எழுதப்பட்டது, யாரை எழுதாமல் விட்டது என்னும் கேள்விகளைக் கேளாமல், கைக்கு எட்டிய பட்டியலையே முழு வரலாறு என்று கொள்வது அறிவும் அன்று, அறமும் அன்று. இரண்டாம் உலகப்போர்க் காலக் கைதி முகாம்களைப் பற்றிய ஆராய்ச்சி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவற்றுள்ளும் சயாம் - பர்மா இரயில் பாதை முகாம்களின் வரலாறு தமிழராகிய நம்மை நேராகவே தொடுவது. இறந்தோரை நினைவுகூரும் இந்த நவம்பர் மாதத்தில் அதைப்பற்றிச் சற்று உரத்த குரலிலேயே பேச விழைகிறோம்.

ஒரே காடு, இரு கணக்கு

1942 பெப்ருவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற தன் படைக்குத் தளவாடங்களை அனுப்ப ஜப்பானிய இராணுவத்துக்குத் தரைவழி ஒன்று தேவைப்பட்டது. கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகளின் அச்சம் இருந்தது. ஆகவே தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில் பாதை அமைக்க முற்பட்டனர். மலையும் காடும் ஆறும் குறுக்கிடும் வழி அது. 1942 ஜூனில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. இயந்திரங்கள் மிகச் சில. மண்வெட்டியும் உளியும் சம்மட்டியும் ஏந்திய மனிதக் கைகளே அப்பாதையைப் போட்டன.

அந்தக் கைகளில் ஒரு பகுதி போர்க்கைதிகளுடையவை. பிரித்தானியர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், சில அமெரிக்கர் என 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் பசியாலும் வயிற்றுப்போக்காலும் மலேரியாவாலும் காலராவாலும் அடியாலும் மாண்டனர். இக்கொடுமையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களுக்காக எழுப்பப்பட்ட ஒவ்வொரு கல்லும் தகும். அவர்களைப்பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு நூலும் தகும்.

மறுபகுதி ஆசியத் தொழிலாளருடையது. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், இவர்களோடு மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர் என்றும், அவருள் பெரும்பாலோர் தமிழர் என்றும் ஆய்வாளர் கணிக்கின்றனர். ஆண்கள் மட்டும் அல்லர். மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் உண்டு. மூன்று மாத வேலை, நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று முதலில் ஆசை காட்டப்பட்டது. போனவர் திரும்பாததைக் கண்டு மற்றவர் தயங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கட்டாயம் வந்தது. இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கொட்டகையின் கதவை அடைத்து, லாரியில் ஏற்றிச் சென்றதாகவும் உயிர்பிழைத்தோரின் வாய்மொழிச் சாட்சியங்கள் உள்ளன.

இவர்களுள் மாண்டவர் எத்தனை பேர்? இங்கேதான் நாம் நின்று நோக்க வேண்டும். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 70,000 என்பாரும் உளர். 90,000 என்பாரும் உளர். ஒரு இலட்சம் வரை என்பாரும் உளர். இந்த மதிப்பீடுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமே 30,000. அதாவது, இறந்த போர்க்கைதிகளின் மொத்தத் தொகையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட மனிதர்கள் இங்கே கணக்குப் பிழையாகவே இருக்கிறார்கள்! உண்டோ இல்லையோ என்று ஐயுறும் நிலையில் 30,000 உயிர்களை விட்டுவிட்டு, ‘ஆய்வு நிறைவுற்றது’ என்று நூலை மூடும் மனம் எத்தகையது?

கைதிக்குப் பெயர் கிடைத்தது எவ்வாறு?

போர்க்கைதிகளின் பெயர்கள் தாமாக நிலைத்துவிடவில்லை. அவற்றுக்குப் பின்னால் சட்டம் இருந்தது, நிறுவனம் இருந்தது, துணிவும் இருந்தது.

1929-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, போரிடும் நாடு ஒவ்வொன்றும் தன் கையில் உள்ள கைதிகளைப்பற்றிய தகவல் அலுவலகம் ஒன்றை நிறுவ வேண்டும் என்றது. ஜப்பான் அதில் கையொப்பம் இட்டும் உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் தோக்கியோவில் அத்தகைய அலுவலகம் ஒன்றை அமைத்தது. கைதி ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. பெயர், படைப்பிரிவு, பிறந்த நாள், பெற்றோர் பெயர், பிடிபட்ட இடம் அனைத்தும் அதில் எழுதப்பட்டன. இறந்தவர் அட்டையின் குறுக்கே கோடு இழுக்கப்பட்டது. இத்தகைய 50,000-க்கும் மேற்பட்ட அட்டைகள் இன்றும் இலண்டனில் கியூ நகர்ப்பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பேரப்பிள்ளை போய்க் கேட்டால் பாட்டனின் அட்டை கைக்கு வரும்.

கைதிகளும் வாளாவிருக்கவில்லை. சிங்கப்பூரின் சாங்கி முகாமில் டேவிட் நெல்சன் என்னும் அதிகாரி, யார் எங்கே அனுப்பப்பட்டார், யார் எங்கே இறந்தார் என்பதைத் திரட்டும் பதிவு அலுவலகம் ஒன்றை நடத்தினார். காட்டு முகாம்களில் மருத்துவர்கள் மறைவாக நாட்குறிப்பு எழுதினர். இறந்தோரின் பட்டியல்களைப் புட்டிகளிலும் தகரப் பெட்டிகளிலும் இட்டு, கல்லறைகளிலேயே ஒளித்து வைத்தனர். காவலன் கண்டால் உயிர் போகும் என்று அறிந்தே இதைச் செய்தனர்.

போர் முடிந்த சில வாரங்களுக்குள், 1945 செப்டெம்பரில், முன்னாள் கைதிகள் சிலர் தாமே முன்வந்து அதே பாதையில் மீண்டும் பயணம் செய்தனர். தோழரின் கல்லறைகளைத் தேடுவதே நோக்கம். தக்காஷி நாகாசே என்னும் ஜப்பானியர் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றார். 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அவர்கள் கண்டறிந்தனர். அவ்வுடல்களே பின்னர் காஞ்சனபுரி, சுங்கை, தான்பியூசயாத் ஆகிய மூன்று போர்க் கல்லறைத் தோட்டங்களில் சேர்க்கப்பட்டன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர்.

அங்கே இரு கல்லறைகள் உள்ளன. 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் பெரும்பாலும் காலராவால் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் அவற்றில் உள்ளது. உடல் இல்லை, யாருடைய சாம்பல் எது என்று பிரிக்கவும் இயலாது. எனினும் அந்த 300 பெயர்களும் மண்டபச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. சாம்பலானவனுக்கும் பெயர் மிஞ்சியது. அதே பருவமழையில், அதே பாதையில், அதே காலராவில் அடுத்த முகாமின் தமிழனும் மாண்டான். அவன் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

கூலிக்குப் பெயர் கிடையாதது எவ்வாறு?

தோட்டத் தொழிலாளி படைவீரன் அல்லன். ஆகவே உடன்படிக்கை அவனுக்குப் பொருந்தாது என்றனர். அவனுக்குப் படைப்பிரிவு இல்லை. அவனுக்காக வாதாடும் அதிகாரி இல்லை. பட்டியல் எழுதும் எழுத்தன் இல்லை. செய்தி கேட்டுக் கடிதம் எழுதும் அரசும் இல்லை. மருத்துவரோ மருந்தோ இன்றி, குடிநீரைக் காய்ச்ச வேண்டும் என்று சொல்லவும் ஆளின்றி, குடிசை குடிசையாக மடிந்தனர். சாவு மிகுந்து வேலை தடைப்படவே, 1943-இன் நடுவில் கைதிகளுள்ளிருந்தே மருத்துவர்களும் பணியாளரும் அடங்கிய இரு குழுக்களை ஜப்பானியர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினர். ‘கே’ படை, ‘எல்’ படை என்று அவற்றுக்குப் பெயர். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 345 பேர். இலட்சக்கணக்கான தொழிலாளருக்கு இவ்வளவே. இவர்கள் விட்டுச்சென்ற அறிக்கைகளும் நினைவுகளுமே தொழிலாளர் முகாம்களைப்பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் முக்கியமானவை. தமிழன் எவ்வாறு இறந்தான் என்பதையும் வெள்ளைக் கைதியின் பேனாவே நமக்குச் சொல்ல வேண்டியதாயிற்று.

தொழிலாளியை எண்ணும் வழக்கமே அக்காலத்தில் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டா. வழக்கம் இருந்தது, மிக நுட்பமாகவே இருந்தது. 1907-இல் மலாயாவில் தமிழ்க் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவுக்காகத் தோட்ட முதலாளிகள் அதற்குப் பணம் செலுத்தினர். எந்த அடிப்படையில்? தங்கள் தோட்டத்தில் இந்தியத் தொழிலாளர் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கைப்படி. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர் எண்ணப்பட்டனர். பினாங்கில் இறங்கியவர் எண்ணப்பட்டனர். நாள்தோறும் செக்ரோலில் பெயர் கூப்பிட்டு எண்ணப்பட்டனர். பால் வெட்டிய நாளுக்குக் கணக்கு இருந்தது. செத்த நாளுக்குக் கணக்கு இல்லை. இதுதான் நாம் சுட்ட விரும்பும் உண்மை: ஆதாயம் தரும் வரை மனிதன் எண்ணப்படுகிறான், ஆதாயம் நின்றதும் எண்ணுவோர் எழுந்து போய்விடுகின்றனர்.

எஞ்சியிருக்கக்கூடிய தாள்களுக்கும் கேடு வந்தது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபோது, தனக்குப் பாதகமான ஆவணங்களை அழித்துவிடுமாறு முகாம்களுக்கு ஆணை சென்றது. குற்றவாளி தன் குற்றப்பத்திரிகையைத் தானே எரித்தான். அதன் பின்னும் ‘ஆவணம் எங்கே?’ என்று குற்றத்துக்கு ஆளானவனின் பிள்ளைகளையே கேட்பது எந்த ஊர் நியாயம்?

பட்டியலில் இல்லாமை ஏட்டளவில் நின்ற குறை அன்று. 1951-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, ஜப்பானின் வெளிநாட்டுச் சொத்துகளிலிருந்து ஒரு தொகையைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக, துன்புற்ற போர்க்கைதிகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் வழங்க வகை செய்தது. படைகளைச் சார்ந்தவர்க்கு மட்டுமே அது. 2000-ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு தன் முன்னாள் கிழக்காசியக் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுன் வழங்க முன்வந்தது. பட்டியலில் பெயர் உள்ளவர் பெற்றனர், நன்று. பட்டியலில் இல்லாத தமிழ்க் கைம்பெண் தோட்டத்து லயத்தில் பால் வெட்டியே மாண்டாள். எழுத்து உள்ளவனுக்கு நீதி. எழுத்து இல்லாதவனுக்கு இரக்கப் பேச்சு!

மறதிக்கு எழுப்பிய மாளிகைகள்

மக்கள் வரலாற்றை ஆவணக் காப்பகத்தில் படிப்பதில்லை. திரையிலும் அருங்காட்சியகத்திலும் படிக்கிறார்கள். 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்தை உலகமே பார்த்தது. அது இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. அப்படத்தைக் கண்ட எவரும், அப்பாதையில் மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர் என்று எண்ணியிருக்க வழியில்லை. கதை முழுவதும் ஆங்கிலேய அதிகாரியின் மானத்தைப் பற்றியதே.

காஞ்சனபுரியில் 1977-இல் ஒரு புத்த மடத்தின் தலைவர் நல்லெண்ணத்தோடு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். அதற்கு ‘ஜீத்’ என்று பெயர். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சொல் அது. அடித்தவனுக்கு ஓர் எழுத்து உண்டு. இடம் கொடுத்தவனுக்கு ஓர் எழுத்து உண்டு. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் தமிழனுக்கும் அதில் ஓர் எழுத்து இல்லை. அமைத்தவரை நாம் பழிக்கவில்லை. அவர் தமக்குக் கிடைத்த வரலாற்றின்படியே பெயரிட்டார். பழி அந்த வரலாற்றை எழுதியவரைச் சாரும்.

மண் மட்டும் மறக்கவில்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு நிலத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டன. ஆசியத் தொழிலாளருடையவை என்று கண்டறியப்பட்டன. பட்டியலும் இல்லை, தகடும் இல்லை. எலும்பு மட்டும் இருந்தது. அதன் பின் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 1993-இல் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை வெளியிட்டார். 2023-இல் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. பாதை முடிந்து 80 ஆண்டுகள் கழித்து!

இவ்விடத்தில் நம்மவரையும் கேட்காமல் இருக்க இயலவில்லை. கடாரம் கொண்டான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தக் கடாரம் இன்றைய கெடா மாநிலம் என்பதும் நமக்குத் தெரியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே படையோடு போன மன்னனின் பெயர் நமக்கு மனப்பாடம். அதே கெடாவின் தோட்டங்களிலிருந்து சயாமுக்கு இழுத்துச் செல்லப்பட்ட ஒரு தொழிலாளியின் பெயரை நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்? வென்றவனை மட்டும் உறவென்று கொண்டாடி, மாண்டவனை அயலானாக்குவது இனப்பற்று ஆகாது.

‘அது மலேசியத் தமிழர் செய்தி, நமக்கென்ன?’ என்பாரும் உளர். கூலியாட்கள் மலாயா செல்வதை இந்திய அரசு தடைசெய்தது 1938-இல்தான். சயாம் இரயில் பாதையின் கொடிய ஆண்டு 1943. இடைவெளி ஐந்தே ஆண்டுகள். மாண்டவருள் பலர் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் பிறந்து வளர்ந்து, கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பல் ஏறியவர்கள். அவர்களுடைய உடன்பிறந்தோரின் வழியினர் இன்று நம் ஊர்களில், நம் பங்குகளில் வாழ்கின்றனர்.

சான்றின்றி நம்பலாமா?

இனி, நாம் முதலில் குறித்த ஆட்சேபத்துக்கு வருவோம். வாய்மொழி பிறழும், முதியவரின் நினைவு மயங்கும், ஆகவே எழுத்துச் சான்று இல்லாதவற்றை ஏற்க முடியாது என்பது ஆராய்ச்சியாளர் சிலரின் நிலை. இதற்கு விடையைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருச்சபையின் சட்ட மரபிலேயே அது இருக்கிறது.

கணவன் தொலைவில் மறைந்து போனான்; இறந்தானா, இருக்கிறானா என்று தெரியவில்லை. மனைவி மறுமணம் செய்யலாமா? திருச்சபையின் கண்ணில் திருமண உறவு சாவினாலன்றிப் பிரியாதது. ஆகவே இக்கேள்விக்கு மிகக் கண்டிப்பான விடையே வேண்டும். இதற்காக உரோமைத் திருப்பேராயம் 1868-இல் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. ஆண்டுகள் பல கடந்தன என்பதால் மட்டும் ஒருவர் இறந்தார் என்று கொள்ளக்கூடாது என்கிறது அது. முதலில் மருத்துவமனை, படை, பங்கு ஆகியவற்றின் அதிகாரபூர்வமான ஆவணத்தைத் தேடச் சொல்கிறது. ஆவணம் கிடைக்காவிடில்? வழக்கை மூடிவிடச் சொல்லவில்லை. நம்பத்தக்க இரு சாட்சிகளைக் கேள். இருவர் இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரைக் கேள். நேரில் கண்டவர் இல்லையெனில் கேட்டறிந்தவரைக் கேள். அதுவும் இல்லையெனில் அவருடைய வயது, உடல்நிலை, சென்ற இடத்தின் ஆபத்து, மனைவி மக்களோடு கொண்டிருந்த பாசம் ஆகியவற்றைச் சீர்தூக்கு. ஊராரின் பேச்சையும் ஆராய்ந்து பார் என்று படிப்படியாக வழி காட்டுகிறது.

ஒரு பெண்ணின் வாழ்வும் ஓர் அருட்சாதனத்தின் மாண்பும் அடங்கியுள்ள வழக்கிலேயே, ஆவணம் இல்லாதபோது சாட்சியத்தையும் சூழ்நிலையையும் கொண்டு நெறிமுறைப்படி உறுதிக்கு வரலாம் எனத் திருச்சபை ஏற்கிறது. வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் இது ஏன் கூடாது? வாய்மொழியைக் கண்ணை மூடி நம்பச் சொல்லவில்லை. ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, ஆராய்ந்து, எடைபோட்டுக் கொள்ளச் சொல்கிறோம். எழுத்துக்கும் அதே ஆராய்ச்சி வேண்டும். எழுத்தும் பொய் சொல்லும். சிங்கப்பூரில் 1979-இல் அமைக்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு, ஜப்பானிய ஆட்சிக்காலத்தை வாழ்ந்து கடந்தோரின் குரல்களை ஒலிநாடாவில் பதிவு செய்தது. வாய்மொழியை முறைப்படி திரட்ட இயலும் என்பதற்கு அதுவே சான்று. நம் பக்கத்தில் அவ்வாறு செய்திருக்க வேண்டிய காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. சயாம் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டனர். ஆனால் அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். மேற்சொன்ன அறிவுறுத்தலின்படி, கேட்டறிந்தவரும் சாட்சியே.

அந்தச் சட்டத்தின் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம். இறந்தோர் பட்டியல் ஒன்று இருந்திருந்தால், சயாமுக்குப் போனவனின் மனைவி கைம்பெண் என்றாவது தன்னை அறிந்திருப்பாள். இல்லாமையால் எத்தனை பெண்கள் மனைவியுமாகாமல் கைம்பெண்ணுமாகாமல், தாலியைக் கழற்றவும் மனமின்றிப் போட்டிருக்கவும் பொருளின்றி, வாழ்நாளைக் கழித்திருப்பர்! ஒரு தாளில் ஒரு வரி எழுதாமையால் வந்த துன்பம் இது.

நாம் செய்யத்தக்கது

பேச்சோடு நிற்பது போதாது. பெயர்களைத் தேடும் பணி திருச்சபைக்குப் புதிதன்று. 1939-இல் போர் தொடங்கியதும் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வத்திக்கானில் போர்க்கைதிகளுக்கான தகவல் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். காணாமற்போன மகனை, கணவனைத் தேடும் மன்றாட்டுகள் பல நாடுகளிலிருந்தும் அங்கே குவிந்தன. 1947 வரை இயங்கிய அவ்வலுவலகத்தின் அட்டைகளில் ஏறத்தாழ 21 இலட்சம் பேரின் பெயர்கள் உள்ளன. 2004-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவ்வாவணங்களை ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டார். பெருமைக்குரிய பணி. ஆனால் அதிலும் ஒரு நியதி உண்டு: கேட்டவர் இருந்தால்தான் அட்டை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத்துத் தாய் உரோமைக்கு எழுதுவது எங்ஙனம்? அவளுக்காக எழுதியிருக்க வேண்டியவர் யார்? எழுத்தறிந்தவர்தாம். அந்தக் கடமை இன்று நம்மிடம் வந்து நிற்கிறது.

நம் பங்குகளில் உள்ள பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைச் செல்லரிக்கும் தாள்கள் என்று எண்ணிப் பரணில் போட வேண்டா. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி, ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும் அச்செய்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள பதிவேட்டில் குறிக்கச் செய்ய வேண்டும். இவ்விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட இடங்களில், தஞ்சைச் சீமையில் திருமுழுக்குப் பெற்று மலாயாவில் மணம் முடித்த ஒருவரின் செய்தி நம் ஊர்ப் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கும். பெயர், ஆண்டு, மணம் நடந்த கோவில். ஒரு மனிதனை அடையாளம் காண இவை போதும். இத்தகைய குறிப்புகளைப் பங்குப் பேரவையின் படித்த இளைஞர் சிலர் பங்குத்தந்தையின் அனுமதியோடு படியெடுக்கலாம்.

அவ்வாறே, ‘எங்கள் பாட்டனார் பினாங்குக்குப் போனார், சயாமோடு செய்தி நின்றுவிட்டது’ என்று சொல்லும் குடும்பங்கள் தம்மிடம் உள்ள பழைய கடிதம், நிழற்படம், பணவிடைத் தாள் எதையும் எறிந்துவிடாமல் காக்க வேண்டும். முதியோர் சொல்வதை நாளும் இடமும் குறித்து எழுதி வைக்க வேண்டும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாண அரசின் பழைய கோப்புகள் உள்ளன. கல்லூரிகளில் வரலாறு பயிலும் நம் பிள்ளைகள் அரசர்களின் பட்டத்தையே மீண்டும் மீண்டும் ஆராயாமல், இக்கோப்புகளில் கூலிகளின் தடத்தைத் தேடினால் என்ன? இவ்வாறு திரட்டுபவற்றை மலேசியாவில் இத்துறையில் உழைப்போருக்கு அனுப்பி, அங்குள்ள தோட்டப் பதிவேடுகளோடும் வாய்மொழிகளோடும் ஒப்பிடச் செய்யலாம். இலட்சம் பெயர்களை நாம் மீட்கப் போவதில்லை. பத்துப் பெயர்கள் மீண்டாலும் அது பத்து மனிதர்.

ஆய்வு செய்வோரிடமும் ஒன்று வேண்டுகிறோம். போர்க்கைதி முகாம்களைப்பற்றி எழுதும்போது, பட்டியல் உள்ள 12,000 பேருக்கு முந்நூறு பக்கமும், பட்டியல் இல்லாதோருக்கு முன்னுரையில் ஒரு பத்தியும் ஒதுக்கும் வழக்கத்தை விட்டொழியுங்கள். தெரிந்த அளவை வைத்து முக்கியத்துவத்தை அளக்காதீர்கள். உங்கள் ஆவணத்தில் உள்ள ஓட்டை எவ்வளவு பெரியது, அதை ஓட்டையாக்கியவர் யார் என்பதையும் எழுதுங்கள். அதுவும் ஆராய்ச்சியே.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் கூறிய செல்வனும் ஏழையும் பற்றிய உவமையை நாம் அனைவரும் அறிவோம். நாள்தோறும் விருந்துண்ட செல்வனுக்கு அங்கே பெயர் இல்லை. அவன் வாயிலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு மட்டும் பெயர் உண்டு: இலாசர். உலகத்தின் ஆவணக் காப்பகங்கள் நேர்மாறாக எழுதப்படுகின்றன. அங்கே செல்வனுக்கும் அவன் படைக்கும் பெயர் உண்டு, வாயிலில் கிடந்தவனுக்கு இல்லை. இவ்விரண்டு ஏடுகளுள் எதை நாம் வரலாறு என்று ஏற்கிறோம் என்பதே கேள்வி.

இந்த நவம்பரில் நம் ஆலயங்களில் இறந்தோரின் பெயர்கள் எழுதிக் கொடுக்கப்படும், திருப்பலியில் வாசிக்கப்படும். தம் குடும்பத்தில் அவ்வாறு போனவர் உண்டு என்று அறிந்தோர், அவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பெயர் தெரியாவிடில், ‘சயாமுக்குப் போய்த் திரும்பாதவர், இன்ன ஊர், இன்ன குடும்பம்’ என்று எழுதுங்கள். அத்தாள்களை வாசித்து முடித்ததும் குப்பையில் இடாமல், ஒரு கோப்பில் சேர்த்துப் பங்கு அலுவலகத்தில் வைக்குமாறு உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். அது ஓர் ஆவணம் ஆகும்.